மரத்தாள் கிழியாமல் வெட்டுவோம்!

குழு சகோதரிகளே! வாழ்த்து அட்டை, கம்மல் செய்ய வெனீர் என்னும் மெல்லிய மரத்தாளை வீட்டிலுள்ள கைவினை வெட்டும் மெஷினிலேயே வெட்டலாம். காகிதம் மாதிரி ஒரே வெட்டில் வராது. அவசரப்பட்டு அழுத்தம் கூட்டினால் மர ரேகையோடு பிளந்துவிடும். கடன் வாங்கிப் போட்ட முதல் வீணாகும்.

1. சுருண்ட தாளை ஒரு இரவு கனமான பலகைக்கடியில் வையுங்க.

2. நன்கு ஒட்டும் மேட்டில் பதித்து, நாலு ஓரமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க.

3. முதலில் கழிவுத் துண்டில் சின்ன வட்டம் வெட்டிப் பாருங்க.

4. குறைந்த அழுத்தத்தில், அதே கோட்டில் பலமுறை ஓடவிடுங்க.

5. முழுசா அறுந்ததா என்று ஓரத்தை லேசாகத் தூக்கிப் பார்த்த பிறகே மேட்டை எடுங்க. எடுத்துவிட்டால் மறுபடி அதே கோட்டில் பொருந்துவது கஷ்டம்.

6. ரேகைக்குக் குறுக்கே ஒல்லியான வடிவம் ஒடியும். கம்மலுக்கு இரண்டு துண்டை ரேகை குறுக்காக வரும்படி ஒட்டினால் உறுதி.

முதல் தாளைக் காப்பாற்றுவதே முதல் லாபம்!