சின்ன எஞ்சினின் ஃபிளைவீல்: கழற்றுவதும் மாட்டுவதும்

சென்ற பொங்கல் விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, நம் சங்க உறுப்பினர் ஒருவரின் துணைவியார் என்னிடம் ஒரு ஷூ டப்பாவைக் கொடுத்தார். உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றிய குட்டி நீராவி எஞ்சின். "எங்க மாமனார் கையால பண்ணினது, மாமா. ஓட விட்டா டக்குடக்குன்னு தட்டுது, சக்கரம் கோணலா சுத்துது. பையன் ஸ்க்ரூ டிரைவரால நெம்பிப் பார்த்தான். நான்தான் பிடுங்கி வெச்சிட்டேன்" என்றார். பிடுங்கி வைத்தது நல்ல காரியம். செய்தவர் இப்போது இல்லை; உடைந்தால் இன்னொன்று செய்து தர ஆள் கிடையாது.

அது ஸ்டுவர்ட் 10வி என்னும் மாடல். இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள ஹென்லி ஊரில் ஸ்டுவர்ட் டர்னர் கம்பெனி வார்ப்புகளாக விற்றது. வாங்கியவர் லேத்தில் கடைந்து எஞ்சினாக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரமும் முக்கால் அங்குலம், ஃபிளைவீல் 3 அங்குலம். கலைச்சொல் அகராதிகள் என்ன பெயர் வைத்தாலும் பட்டறையில் அது ஃபிளைவீல்தான். அதன் பாகங்களுக்கு மட்டும் நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் சொற்களே அழகாகப் பொருந்துகின்றன: நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால், வெளியே வட்டை.

இந்தச் சக்கரம் எதற்கு? ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நிற்கும் கணத்தில், நீராவி எவ்வளவு அழுத்தினாலும் ஷாஃப்டைத் திருப்ப முடியாது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இப்படி. அந்த இடத்தைத் தாண்டிவிடுவது சக்கரத்தில் சேர்ந்திருக்கும் வேகம்தான். வேகம் இரட்டித்தால் சேரும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆகவே ஷாஃப்டின் மேல் சக்கரம் இம்மி அசைந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். தட்டத் தட்டத் துளை பெரிதாகும்.

முதலில் நோய் எங்கே என்று பார்க்க வேண்டும். கையால் மெதுவாகச் சுற்றி, ஷாஃப்டின் வெளிநுனிக்கு அருகே ஒரு ஊசியை அசையாமல் நிறுத்திப் பாருங்கள். நுனி ஆடினால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. அது வேறு வைத்தியம். நுனி நிலையாக இருந்து வட்டை மட்டும் ஆடினால் சக்கரம் உட்கார்ந்த விதம் சரியில்லை. இந்த எஞ்சினில் நுனி அசையவில்லை. பையன் அதிகம் நெம்பவில்லை என்று எனக்கு மூச்சு வந்தது.

கழற்றுமுன் குடத்துக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் எது என்று பென்சிலால் குறியுங்கள். சக்கரத்தைப் பிடித்திருப்பது குடத்திலுள்ள ஒரு சின்ன கிரப் ஸ்க்ரூ. வால்வை ஓட்டும் எக்சென்ட்ரிக்கையும் அதேபோல் ஒரு கிரப் ஸ்க்ரூதான் பிடித்திருக்கும். அதைத் தொடவே தொடாதீர்கள். அது நகர்ந்தால் நீராவி நுழையும் நேரம் தவறிவிடும்.

திருகின் தலையிலுள்ள அழுக்கை ஊசியால் சுரண்டி, சரியாகப் பொருந்தும் சாவியை மட்டும் போடுங்கள். துருப்பிடித்திருந்தால் ஊடுருவும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு காத்திருங்கள். குடத்தைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடாக்கலாம். 7 மி.மீ. துளை 100 டிகிரி கூடுதல் சூட்டில் 0.01 மி.மீ. கூட விரியாது, ஆனால் எண்ணெய் உள்ளே ஊற அதுவே உதவும். திருகை அரைச் சுற்று தளர்த்தினால் போதாது, முழுவதும் வெளியே எடுத்துவிடுங்கள்.

எடுத்த பிறகும் சக்கரம் வராது. திருகின் நுனி ஷாஃப்டைக் குத்திப் பிசிறு எழுப்பியிருக்கும். அந்தப் பிசிறு துளைக்குள் ஆப்பு மாதிரி நிற்கும். இங்கேதான் கை ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். நானும் தேடியவன்தான். பயிற்சிக் காலத்தில் ஒரு பம்பின் சக்கரத்தை இரண்டு பக்கமும் நெம்பினேன். சக்கரம் வந்தது; கூடவே வார்ப்பிரும்பு பேரிங் தாங்கியும் கீறல் விட்டது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஷாஃப்ட் நுனியில் சுத்தியலால் அடிப்பதும் ஆகாது. அந்த அடி முழுவதும் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் போகும், நுனியும் காளான் தலைபோல் விரிந்துவிடும்.

புல்லர்தான் வழி. 6 மி.மீ. கனமுள்ள பட்டை இரும்பில் மூன்று துளை போட்டு நானே செய்துகொண்டேன். நடுத்துளையில் மரை போட்டு ஒரு போல்ட். அது ஷாஃப்ட் நுனியை அழுத்தும். ஓரத்துளைகளில் இரண்டு நீளமான போல்ட். அவை ஆரக்கால்களின் இடையே சென்று, குடத்துக்குப் பின்னால் நுழைத்த மெல்லிய இரும்புத் தகட்டைப் பிடிக்கும். தகட்டின் நடுவில் ஷாஃப்டுக்கு ஒரு பிளவு. வட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள், ஆரக்கால் முறியும். நுனிக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு பித்தளைத் துண்டு வையுங்கள். இதில் தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலேயே அடங்கிவிடும். பேரிங்குக்குப் பாரம் போகாது. கால் சுற்று இறுக்கி, போல்ட் தலையில் லேசாகத் தட்டி, சற்றுப் பொறுத்து மறுபடி கால் சுற்று. நான்காவது முறை 'டிக்' என்றது.

பேரிங் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் பிசிறை நைஸ் அரத்தால் தேய்த்தேன். அதே இடத்தில் திருகு உட்காரச் சிறிய தட்டைப் பகுதியும் அராவினேன். இனிமேல் பிசிறு எழுந்தாலும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கும்.

கோணலின் காரணம் இப்போது தெரிந்தது: துளை கொஞ்சம் லூஸ். அப்படியிருந்தால் திருகை இறுக்க இறுக்கச் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மையம் விலகும். மெல்லிய பித்தளைத் தகடு சுற்றலாம். நான் லாக்டைட் 638 என்னும் பசையைப் பயன்படுத்தினேன். அதற்கு இரு பக்கமும் தின்னரால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பேரிங் பக்கம் ஒரு துளி போனாலும் எஞ்சின் பொம்மையாகிவிடும். ஆகவே பசையைத் துளையின் வெளிவாயிலும் ஷாஃப்டின் நுனியிலும் சிக்கனமாகத் தடவி, சக்கரத்தைச் சுழற்றியபடி உள்ளே நகர்த்துங்கள். குடத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சாதாரணக் காகிதம், அதாவது சுமார் 0.1 மி.மீ. இடம் விட்டு, உடனே காகிதத்தை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சூடானதும் பிடித்துக்கொள்ளும்.

திருகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நான் கழற்றியது 4 பி.ஏ. அளவு, விட்டம் 3.6 மி.மீ. நாக்தேவி தெருவில் எம்4 உடனே கிடைக்கும் என்று அதைத் திணித்தால் குடத்தின் மரை போய்விடும். பழைய திருகையே சுத்தம் செய்து போட்டேன்.

ஒரு நாள் காய விட்டு, வட்டைக்கு அருகே ஊசியை வைத்துச் சுற்றிப் பார்த்தோம். மிச்சம் ஒரு தலைமுடி அளவு ஆட்டம் இருந்தது. பெரியவர் கடைந்ததே அப்படி. அதை நான் திருத்தவில்லை. இரண்டு சுற்று கையால் சுற்றி, தடங்கலில்லை என்று கண்டபின் கொதிகலனுக்குப் பதில் காற்று கொடுத்தோம். பையன் கால் பம்பை மிதிக்க, 10 பவுண்டு அழுத்தத்தில் எஞ்சின் தட்டாமல் ஓடியது. அவன் தாயார் பக்கத்து அறைக்குப் போய் மாமியாரைக் கைபிடித்து அழைத்துவந்தார். சக்கரத்தின் நேர்க்கோட்டில் யாரையும் நிற்கவிடாமல் அந்த அம்மாளுக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டேன்.

பத்து மணி நேரம் ஓடியபின் கிரப் ஸ்க்ரூவை மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்கும்படி பையனிடம் சொல்லியிருக்கிறேன். சாவியையும் அந்த ஷூ டப்பாவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டேன்.