சர்வர் வைக்கப்போகும் தம்பிக்கு

தம்பி, பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஆட நீ ஒரு சர்வர் வைக்கப்போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்தது. பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்து இந்த வேலையிலேயே இருப்பவன் நான். சொல்வதைக் கேட்டுக்கொள்.

1. புது மெஷின் வேண்டுமென்று அப்பாவிடம் நிற்காதே. ஒரு சேலை முடிய அவர் எத்தனை நாள் தறியில் உட்காருகிறார் என்பது உனக்கே தெரியும். சர்வருக்கு கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். மைன்கிராஃப்ட் உலகத்தை வினாடிக்கு 20 முறை கணக்கிடும் பிராசசரும், போதுமான ரேமும் இருந்தால் பழைய கணினியே ஓடும். மைன்கிராஃப்ட் வாங்க வசதியில்லாத பிள்ளை ஒருவன் இருந்தாலும், காசில்லாமல் கிடைக்கும் லுவாண்டியையே வை. 2024 வரை அதன் பெயர் மைன்டெஸ்ட்.

2. ஆழம் தெரியாமல் ஆள் சேர்க்காதே. 2019-இல் நம் ஊர்க் கோயிலில் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது கூட்டத்தைப் பார்த்தாயே, வாசலைத் திறப்பது எளிது. வந்தவரை நிம்மதியாகச் சேவிக்கவைத்து அனுப்புவதுதான் பாடு. பத்துப் பேர் லேக் இல்லாமல் ஆடட்டும், பிறகு பதினொன்றாமவனைக் கூப்பிடு.

3. சர்வரை வைஃபையில் விடாதே. கேபிள் போட்டு சுவிட்சில் இணை.

4. அட்மின் அதிகாரம் உன் கையில் இருக்கும். நினைத்த பொருளை வரவழைக்கலாம், பிடிக்காதவனை வெளியே தள்ளலாம். கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடிய ஒரு கடையை அறிவேன். முதலாளியின் தம்பி தோற்கும்போதெல்லாம் மேப் மாறிவிடும். யாரும் சண்டைக்குப் போகவில்லை. பேசாமல் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். விதியை எழுதி ஒட்டு. உன் கூடப் பிறந்தவனுக்கும் அதே விதிதான். கெட்ட வார்த்தை பேசுகிறவனை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தாதே. தனியாகக் கூப்பிட்டுப் பேசு. பாதிப் பேர் அதிலேயே திருந்துவார்கள்.

5. வெளியூர் நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வரின் 25565 போர்ட்டைத் திறக்க ஆசை வரும். ஒயிட்லிஸ்ட் போடாமல் திறக்காதே. சின்னப் பிள்ளைகள் புழங்கும் இடம் அது. காசு வைத்து ஆட யார் கேட்டாலும் முடியாது என்று சொல். 2025-இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன்.

6. மழைக்காலத்தில் கரண்ட் போகும். உலகம் சேவ் ஆகும் நொடியில் மெஷின் அணைந்தால் ஃபைல் கெட்டுவிடலாம். பிள்ளைகள் மாதக்கணக்கில் கட்டிய கோபுரமும் அதோடு போகும். சின்னதாக ஒரு யுபிஎஸ் வாங்கு. கரண்ட் போனதும் 'ஸ்டாப்' கட்டளை கொடுத்து முறையாக நிறுத்து. தினமும் உலகம் சேவ் ஆகும் ஃபோல்டரை வேறு டிஸ்கில் நகலெடு. எடுத்த நகலை நம்பி இருந்துவிடாதே, அவ்வப்போது வேறு கணினியில் திறந்து பார். முதல் நகலை முதல் நாள் ராத்திரியே எடுத்துவிடு, கண்ணு.