‘பீப்’ ஒலி சொல்வதும் சொல்லாததும்

மாணவர்களே, உலோகம் கண்டறியும் கருவி என்றதும் புதையல் தேடுவோர் நினைவுக்கு வரலாம். ஆனால், அது நம் உணவிலும் சாலையிலும் வேலை செய்கிறது, உயிர்களையும் காக்கிறது.

எப்படி? கருவியின் கம்பிச்சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் சுருளைச் சுற்றி மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அருகில் உலோகம் இருந்தால், அதனுள் சுழல் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மின்னோட்டமும் ஒரு சிறு காந்தப்புலத்தை உருவாக்கும். அதை உணர்ந்ததும் கருவி ‘பீப்’ என ஒலிக்கிறது.

பிஸ்கட் தொழிற்சாலையில், இயந்திரத்திலிருந்து உடைந்த சிறு துண்டு மாவில் விழுந்துவிட்டால், இக்கருவி அந்தப் பொட்டலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சிங்கப்பூரின் சாலைச் சந்திப்புகளில் தார்ச்சாலைக்கு அடியில் கம்பிச்சுருள்கள் பதிக்கப்பட்டுள்ளன. மேலே கார் வந்து நின்றால் அவை உணர்ந்து, போக்குவரத்து விளக்குக்குத் தகவல் அனுப்பும். இவ்விரு இடங்களிலும் “உலோகம் இருக்கிறது” என்ற செய்தியே போதும்.

கம்போடியாவில் அது போதாது. பல்லாண்டுப் போரில் புதைக்கப்பட்ட கண்ணிவெடிகள் அங்கே இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஆணி, தகர மூடி, தோட்டா உறை, கண்ணிவெடி எல்லாவற்றுக்கும் கருவி ஒலிக்கும். பல கண்ணிவெடிகளின் உறை பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் கருவியின் உணர்திறனைக் கூட்ட வேண்டும். கூட்டினால், குப்பை உலோகங்களுக்கும் அதிகமாக ஒலிக்கும். எது ஆணி, எது வெடி என்று தெரியாததால், ஒவ்வோர் ஒலியையும் கண்ணிவெடியாகவே கருதி, பக்கவாட்டிலிருந்து மெல்ல மண்ணை அகற்றுகிறார்கள். அவசரப்பட்டால் உயிர் போகும்.

அதனால்தான் அபோபோ என்ற அமைப்பு, வெடிமருந்தின் வாசனையை மோப்பம் பிடிக்க ஆப்பிரிக்கப் பெரிய எலிகளைப் பழக்குகிறது. அவை ஆணிகளைப் பொருட்படுத்துவதில்லை. அவற்றுள் ஒன்றான மகாவா, கம்போடியாவில் கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்ததற்காக, 2020இல் தங்கப் பதக்கம் பெற்றது. எலி காட்டிய இடத்தையும் மனிதர்கள் கருவியால் மீண்டும் சோதிக்கிறார்கள். ஒன்று உலோகத்தை அறியும்; மற்றொன்று வெடிமருந்தை அறியும். இரண்டும் சேரும்போது வேலை விரைவாகிறது.

சிந்தித்துப் பாருங்கள்: அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆயினும், அலுமினிய டின்னுக்கு இக்கருவி ஒலிக்கும். ஏன்? விடை இரண்டாம் பத்தியிலேயே இருக்கிறது.