பேக் அழுத்தினால் எங்கே போகும்?

அன்புள்ள தம்பிக்கு,

பாத்திரக் கடைக்காக நீ எழுதிவரும் சரக்குக் கணக்குச் செயலியைப் பார்த்தேன். பொருள் பட்டியல் ஒரு லேஅவுட், விவரம் இன்னொன்று, இருப்பைத் திருத்தும் படிவம் மூன்றாவது. மூன்றையும் ஒரே ஆக்டிவிட்டிக்குள் வைத்து, பட்டனைத் தட்டும்போதெல்லாம் செட்கன்டென்ட்வியூவை மறுபடி அழைத்து மாற்றுகிறாய். 'ஓடுகிறதே, இதில் என்ன தப்பு?' என்று கேட்டிருந்தாய். ஆண்ட்ராய்டு இதைத் தப்பென்று சொல்லாது. ஆரம்பத்தில் பலரும் இந்த வழியில் இறங்குவதற்குக் காரணமே அதுதான்.

அந்த அழைப்பு பழைய லேஅவுட்டை ஆக்டிவிட்டியிலிருந்து முழுதாகக் கழற்றிவிடுகிறது. நீ முன்பு வேரியபிளில் பிடித்து வைத்த டெக்ஸ்ட்வியூ நினைவகத்தில் சும்மா தொங்கும். அதில் எதை எழுதினாலும் யார் கண்ணிலும் படாது. பட்டியலுக்குத் திரும்பும்போது கிளிக் லிசனர்களையெல்லாம் மறுபடி கட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் அந்தப் பட்டன் செத்துக் கிடக்கும். இவற்றை உழைத்துச் சரிசெய்துவிடலாம் என்றே வைத்துக்கொள். பேக் அழுத்தினால்? ஆண்ட்ராய்டுக்குத் தெரிந்தது ஒரே ஆக்டிவிட்டிதான். விவரத்திலிருந்து பட்டியலுக்குப் போக நினைத்து அழுத்தும் கடைக்காரர் செயலியை விட்டே வெளியே வந்து நிற்பார்.

ஆகவே லேஅவுட் மாறும் ஒவ்வோர் இடத்திலும், கருவியைத் தேடும் முன் ஒன்று கேட்டுக்கொள்: இப்போது பேக் அழுத்தினால் இந்த மாற்றம் நீங்க வேண்டுமா? வேண்டுமென்றால் அது தனித் திரை. ஃப்ராக்மென்ட்டோ, காம்போஸில் எழுதினால் நேவிகேஷனோ, எதுவானாலும் அது பேக் ஸ்டாக்கில் ஏற வேண்டும். வேண்டாமென்றால் அது அதே திரையின் வேறு கோலம். பட்டியலைக் கட்டங்களாகக் காட்டுவது, தரவு வரும்வரை சுழலும் வட்டம், 'சரக்கு எதுவுமில்லை' என்ற செய்தி எல்லாம் இந்த வகை. வியூஃப்ளிப்பரோ விசிபிலிட்டியோ போதும்.

இரண்டு வகையிலும் சேராதது போல் தோன்றும் ஒன்று உண்டு. போனில் விவரம் தனித் திரை; பேக் அழுத்தினால் பட்டியல். 840 டிபிக்கு மேல் அகலமுள்ள டேப்லெட்டில் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். அங்கே பேக் அழுத்தி விவரத்தை மூடுவதில் பொருளே இல்லை. 2011-இல் ஆண்ட்ராய்டு 3.0-உடன் ஃப்ராக்மென்ட் வந்ததே இந்தச் சிக்கலுக்காகத்தான். எந்தப் பொருள் தேர்வாகியிருக்கிறது என்ற தகவலை எந்த லேஅவுட்டுக்குள்ளும் வைக்காமல் வெளியே வைத்தால், திரை விரிந்தாலும் சுருங்கினாலும் சரியான பொருளே தெரியும். மடக்கும் போன் வைத்திருப்பவர் வேலையின் நடுவிலேயே அதை விரிப்பார், மடக்குவார்.

போனைச் சாய்க்கும்போதுதான் உன் ஏற்பாடு மொத்தமாகச் சரிகிறது. திரை திரும்பியதும் ஆண்ட்ராய்டு ஆக்டிவிட்டியை அழித்துப் புதிதாக உருவாக்கும். ஐடி உள்ள எடிட்டெக்ஸ்டில் இட்டது தானாகவே சேமிக்கப்பட்டுத் திரும்பும். ஆனால் உன் ஆன்கிரியேட் எப்போதும் பட்டியல் லேஅவுட்டையே போடுகிறது. படிவத்தில் இட்ட எண்கள் சேமிப்பில் பத்திரமாக இருந்தும், வந்து உட்காரத் திரையில் பெட்டி இல்லை. கிடங்கில் குத்துவிளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தவர் போனைப் பக்கவாட்டில் சாய்த்து அடுக்கின்மேல் வைத்த நொடியில் பட்டியலின் தொடக்கத்துக்கு வந்துவிடுவார். எண்ணியது போச்சு.

அந்த எண்களை வியூமாடலில் வைத்தால் அவை இந்தச் சுழற்சியைத் தாண்டும். அத்தோடு நிறுத்திவிடாதே. அவர் ஒரு அழைப்பை எடுக்கிறார், போனில் மெமரி குறைவு, பின்னணியில் கிடக்கும் உன் செயலியைச் சிஸ்டம் கொன்றுவிடுகிறது; வியூமாடலும் கூடவே போகும். எந்தப் பொருள், என்ன எண் என்ற சிறிய தகவல்களைச் சேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் வை. சிறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தச் சேமிப்பு போகும் பாதைக்குச் செயலி முழுவதற்கும் ஏறக்குறைய 1 எம்பிதான் இடம். பாத்திரத்தின் படத்தை அதில் திணித்தால் கிராஷ்தான்.

'நிமிர்ந்த நிலையிலேயே பூட்டிவிடு, தீர்ந்தது' என்று யாராவது சொல்வார்கள். கேட்காதே. டார்க் தீம், எழுத்தளவு, மொழி எதை மாற்றினாலும் ஆக்டிவிட்டி இயல்பாக இதே போல் மறுபிறவி எடுக்கும். தவிர, ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்த செயலிகளில், குறுகிய பக்கமே 600 டிபியும் அதற்கு மேலும் உள்ள திரைகளில் சிஸ்டம் இயல்பாக அந்தப் பூட்டைப் பொருட்படுத்துவதில்லை; விளையாட்டுகளுக்கு விலக்கு.

படுக்கை நிலை லேஅவுட் எழுதும்போது படிவத்தை ஸ்க்ரோல்வியூவுக்குள் வை. கீபோர்டு வந்தால் மிஞ்சும் உயரம் கொஞ்சம்தான். பட்டன் அகலத்தைக் கட்டிவைக்காதே. 'இருப்பைத் திருத்து' உன் திரையில் 'இருப்பைத் திரு' என்று நிற்கிறது. கடைக்காரர் இதுவரை சிரிக்காதது ஆச்சரியம்.

மாற்றி எழுதியபின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், பயனர் வெளியேறியதும் ஆக்டிவிட்டிகளை அழிக்கும் அமைப்பை ஆன் செய். படிவத்தைப் பாதி நிரப்பி, ஹோமுக்குப் போய்த் திரும்பி வா. எண் அங்கேயே இருந்தால் எனக்கு அனுப்பு. அதற்குள் கடைக்காரரிடம் ஒன்று கேட்டு வை: பாதியில் விட்ட எண்ணிக்கை மறுநாள் காலையிலும் இருக்க வேண்டுமா? ஆமென்றால் அதை ரூம் டேட்டாபேஸில் வரைவாக எழுத வேண்டும். அட்டவணையைச் சேர்ந்தே போடுவோம்.

அன்புடன்,
அண்ணன்