கிருமி சாதுவாகிவிடுமா?

கேள்வி: தான் குடியிருக்கும் உடலையே கொன்றால் கிருமிக்கும் அழிவுதானே? அப்படியென்றால் நாளடைவில் எல்லாத் தொற்றுநோய்களும் தணிந்துவிடாதா?

பதில்: அப்படி நம்பிக் காத்திருப்பது ஆபத்து. கிருமிக்கு நம்மீது பகையும் இல்லை, பரிவும் இல்லை. அடுத்த உடலை எட்டும் வகை பெருகும், எட்டாதது மறையும், அவ்வளவே. காலராவைப் பாருங்கள். அதன் நச்சு சிறுகுடல் செல்களிலிருந்து உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கிறது. நோய் முற்றியவர் மணிக்கு ஒரு லிட்டர்வரை இழக்கக்கூடும். அந்த வயிற்றுப்போக்கில்தான் கோடிக்கணக்கான கிருமிகள் வெளியேறுகின்றன. கழிவுநீர் குடிநீரில் கலக்கும் ஊரில் நோயாளி படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் நோய் பரவும். அங்கே கடுமை கிருமிக்கு நட்டமே அல்ல. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்நோ காரணமாகக் கைகாட்டியதும் குடிநீர் அடிபம்பைத்தான்.

ஆஸ்திரேலிய முயல்களை எதிர்வாதமாகச் சொல்வார்கள். 1950-இல் அங்கே பரப்பிய மிக்சோமா வைரஸ் முதலில் நூற்றுக்கு 99 முயல்களைக் கொன்றது. சில ஆண்டுகளில் மிதமான வகைகள் மேலோங்கின. உண்மைதான். ஆனால் காரணம், அந்த வைரஸைப் பரப்பும் கொசு உயிருள்ள முயலைத்தான் கடிக்கும். நோயோடு அதிக நாள் உயிர்வாழ்ந்த முயலே வைரஸை அதிகம் பரப்பியது. அப்போதும் அது தீங்கற்றதாகிவிடவில்லை. பெரியம்மையின் கொடிய வகையோ, 1975-இல் வங்கதேசத்தில் இயற்கையான தொற்றாகக் கடைசியாகத் தென்பட்டது வரை, தடுப்பூசி போடாதவர்களில் சுமார் 30 சதவீதம் பேரைக் கொன்றுகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்தியது தடுப்பூசி.