அரும்பு என்றால் குறைவு இல்லை: முதல் வகுப்பு மதிப்பீட்டைப் புரிந்துகொள்வோம்



ஜூன் மாதம் வந்தாலே நம் குழுக் கூட்டங்களில் கடன் மனு கூடிவிடுகிறது. விதைக்கு, உரத்துக்கு, ஆடு வாங்க என்று கேட்பவர்கள் ஒரு பக்கம். பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். காரணம் கேட்டால் சிலர் இப்படிச் சொல்கிறார்கள்: “இங்க ஒண்ணாப்புல ரேங்க் கிடையாது, மார்க்கு கிடையாது. எம்புள்ள படிக்குதா இல்லையான்னே தெரியல. அதான் வேற பள்ளிக்கூடத்துல சேர்க்கலாம்னு இருக்கேன்.”

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது அவரவர் விருப்பம். ஆனால் ரேங்க் இல்லாததால் மதிப்பீடே இல்லை என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். மதிப்பீடு நடக்கிறது. அதை எப்படிப் பார்ப்பது, எப்படிக் கேட்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பரீட்சை வேறு, மதிப்பீடு வேறு

நம் குழுவையே எடுத்துக்கொள்வோம். குழு தொடங்கி ஆறு மாதம் ஓடிய பிறகு, வங்கிக் கடனுக்கு முன்னால் தர மதிப்பீடு செய்ய வருகிறார்கள். கூட்டம் ஒழுங்காக நடக்கிறதா, சேமிப்பு சேருகிறதா, உள்கடன் திரும்பி வருகிறதா, நோட்டுப் புத்தகம் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஏதாவது ஒன்றில் குறை இருந்தால் குழுவைக் கலைத்துவிடுவதில்லை. “கணக்கு எழுத ஒருத்தருக்குப் பயிற்சி கொடுங்க, மூணு மாசம் கழிச்சு வர்றோம்” என்கிறார்கள்.

முதல் வகுப்பு மதிப்பீடும் இதே மாதிரிதான். பிள்ளைக்கு எது வருகிறது, எது இன்னும் வரவில்லை, அடுத்து எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளத்தான் அது. பக்கத்து வீட்டுப் பிள்ளையை முந்தியதா என்று பார்ப்பதற்கு இல்லை.

முன்பு எப்படி, இப்போது எப்படி?

நம்மில் மூத்தவர்கள் சிலேட்டும் பலப்பமும் வைத்துப் படித்தவர்கள். பரீட்சை முடிந்ததும் புரோகிரஸ் ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்து வாங்கிப் போனவர்கள். இளம் தாய்மார்கள் சிலருக்கு அட்டை எடுத்துப் படித்தது நினைவிருக்கும். 2007-08-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் வந்த செயல்வழிக் கற்றல் அது. ஏணிப் படத்தைப் பார்த்து, ஓர் அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து 2012-13-இல் முப்பருவ முறை வந்தது. வருடக் கடைசியில் ஒரே பெரிய பரீட்சை என்பது போய், வகுப்பில் செய்யும் வேலைகளுக்கு 40, பருவ முடிவுத் தேர்வுக்கு 60 என்று பிரித்தார்கள். முதலாவதற்கு வளரறி மதிப்பீடு என்று பெயர். பயிர் வளரும்போதே பார்ப்பது. இரண்டாவதற்குத் தொகுத்தறி மதிப்பீடு என்று பெயர். அறுவடைக்குப் பின் களத்தில் அளப்பது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் சின்னப் பிள்ளைகளின் படிப்பு பின்தங்கிப் போனது. அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. முதலில் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை இருந்தது. அடுத்த ஆண்டு 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் நீட்டினார்கள்.

அரும்பு, மொட்டு, மலர்

இந்தத் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: அரும்பு, மொட்டு, மலர். நிலக்கோட்டைப் பக்கம் விடியக்காலையில் மல்லிகை பறிக்கப் போகும் சகோதரிகளுக்கு இதை நாம் விளக்கவே வேண்டாம். இன்றைக்கு அரும்பாக இருப்பதைத் திட்டினால் நாளைக்கு மலராது. தண்ணீரும் வெயிலும் நாளும் வேண்டும்.

அரும்பு என்பது ஒன்றாம் வகுப்பில் தொடங்கும் நிலை. அதனால் “உங்க பிள்ளை அரும்புல இருக்கு” என்று கேட்டதும் மனசு ஒடிந்துபோக வேண்டாம். அதே பிள்ளை மூன்றாம் வகுப்பிலும் அரும்பிலேயே இருந்தால் அப்போது கவனம் வேண்டும். அதற்கும் பிள்ளையை அடிப்பது வழி இல்லை. கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பதுதான் வழி.

டீச்சர் என்ன பார்க்கிறார்?

முதல் வகுப்புப் பிள்ளையை மூன்று மணி நேரம் உட்கார வைத்துப் பரீட்சை எழுதச் சொல்ல முடியாது. ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, “இதுல என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்” என்பார். புளியங்கொட்டையைக் குவித்து வைத்து ஏழு எடுக்கச் சொல்லலாம். பாட்டுப் பாடும்போது யார் சேர்ந்து பாடுகிறார்கள், கதை கேட்டபின் யார் திருப்பிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கலாம். பிள்ளை விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஆசிரியர் குறித்துக்கொண்டிருப்பார்.

வெளிநாட்டிலும் இப்படித்தான். இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல், பள்ளியில் சேர்ந்த முதல் ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஆசிரியர் தனியாக உட்கார்ந்து சுமார் 20 நிமிடம் பேசிப் பார்க்கிறார். அதில் பாஸ், ஃபெயில் கிடையாது.

வருட முடிவில் எவ்வளவு வந்திருக்க வேண்டும்? 2021-இல் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் ஒரு கணக்குச் சொல்கிறது. ஒன்றாம் வகுப்பு முடியும்போது நாலைந்து எளிய சொற்கள் உள்ள சின்ன வாக்கியத்தைப் பிள்ளை வாசிக்க வேண்டும். 99 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும். சின்னக் கூட்டல் கழித்தல் வர வேண்டும். நமக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இதை வைத்துப் பிள்ளையின் படிப்பைப் பற்றி டீச்சரிடம் பேசலாம்.

பிள்ளை வாய் திறக்கவில்லையா?

சில பிள்ளைகள் கேட்டதற்குப் பதில் சொல்லாது. உடனே “மக்கு” என்று பட்டம் கட்டிவிடுகிறோம். அந்தப் பட்டம் கல்யாணம் வரைக்கும் கூடவே வரும். கட்டும் முன் காரணத்தைப் பார்ப்போம்.

• நம் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் குடும்பங்கள் நிறைய. வேடசந்தூர்ப் பக்கம் மில் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. தமிழ்ச் சொல்தான் புதுசு. வீட்டில் என்ன மொழி என்று டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

• காது சரியாகக் கேட்காத, கரும்பலகை தெரியாத பிள்ளையும் பேசாமல்தான் இருக்கும். சந்தேகம் இருந்தால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

• ஐந்து வயது முடிந்தவுடன் சேர்ந்த பிள்ளையும் ஆறு வயதை நெருங்கும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த வயதில் பத்து மாத வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

• வெள்ளாமை வேலை, திருவிழா, ஊருக்குப் போவது என்று அடிக்கடி லீவு போட்டால் எந்தப் பிள்ளைக்கும் தொடர்ச்சி விட்டுப் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைக்கக் கூடாது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அடிப்பதும் மனசு நோகச் செய்வதும் கூடாது. ஒன்றாம் வகுப்பில் ஃபெயிலாக்கி நிறுத்தி வைக்கவும் கூடாது. முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது.

இதில் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபெயில் கிடையாது என்றால் பிள்ளை எப்படியும் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். வாசிக்க வராமலே போனாலும் போய்விடும். ஐந்தாம் வகுப்பில் வந்து “எம்புள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியல” என்று அழுது பிரயோஜனம் இல்லை. முதல் வருஷமே தெரிந்துகொண்டால் சரிசெய்வது சுலபம். மதிப்பீடு அதற்குத்தான்.

டீச்சரிடம் என்ன கேட்கலாம்?

“எத்தனாவது ரேங்க்?” என்று கேட்பதை விட்டுவிட்டு இப்படிக் கேட்போம்:

1. எம்புள்ளைக்கு இப்ப என்னென்ன நல்லா வருது?
2. எது இன்னும் வரல?
3. போன பருவத்துக்கும் இந்தப் பருவத்துக்கும் என்ன மாறியிருக்கு?
4. வகுப்புல பேசுதா, மத்த பிள்ளைகளோட சேருதா?
5. வீட்டுல நாங்க என்ன செய்யணும்?

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பூ கட்டும்போது எண்ணச் சொல்வது, பஸ் போர்டை வாசிக்கச் சொல்வது, படுக்கும்போது கதை சொல்லிவிட்டுத் திருப்பிக் கேட்பது, இவை எல்லாமே படிப்புதான். இதற்குக் காசும் வேண்டாம், டியூசனும் வேண்டாம்.

ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் தனியாகப் பள்ளிக்குப் போக நேரம் இல்லை என்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் குழுச் சகோதரிகள் அதில் இருந்தால், முதல் வகுப்புப் பிள்ளைகளின் நிலை பற்றி ஆசிரியர் சொல்லச் சொல்லி, கேட்டு வந்து நம் கூட்டத்தில் சொல்லலாம். ஒரு பிள்ளையின் குறையை ஊர் முன்னால் பேச வேண்டாம். அதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த கூட்டத்தில் செய்வோம்

• நம் குழுவில் யார் வீட்டில் முதல் வகுப்புப் பிள்ளை இருக்கிறது என்று பெயர் எழுதுவோம்.
• மேலே உள்ள ஐந்து கேள்விகளை ஒருவர் டீச்சராகவும் ஒருவர் தாயாகவும் இருந்து பேசிப் பார்ப்போம்.
• ஒவ்வொரு பருவம் முடிந்ததும் ஒரு தடவையாவது பள்ளிக்குப் போய்க் கேட்பது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம்.
• பள்ளி மாற்றுவதற்காகக் கடன் கேட்கும் சகோதரியிடம், “டீச்சர்ட்ட கேட்டியா?” என்று முதலில் கேட்போம். கேட்ட பிறகும் அவர் மாற்ற விரும்பினால் அது அவர் முடிவு. மனுவை வழக்கம்போல எடுத்துக்கொள்வோம்.