எண்ணிக்கை தவறிய இட்லி

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் பலர் இட்லி வியாபாரம் செய்கிறார்கள். முதல் நாளே மாவு அரைத்து வைப்பார்கள். விடியும் முன்பே இட்லி அவிப்பார்கள். பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கொண்டுபோய் விற்பார்கள்.

எங்கள் மையத்தில் படிக்கும் ஓர் அக்காவுக்கும் இதே தொழில்தான். அவருக்கு எட்டு வயதில் ஒரு மகள்.

ஒரு நாள் கடைக்காரர் ஒருவர் 50 இட்லி கேட்டிருந்தார். மகள்தான் எண்ணி வைத்தாள். கடைக்காரர் எண்ணிப் பார்த்தார். 46 தான் இருந்தது.

"மக்கு! இதுகூட எண்ணத் தெரியாதா? இனிமே நீ எதையும் தொடாதே!"

அக்கா எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். அடுப்பின் சூடு, தூக்கமில்லாத அலுப்பு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அன்று மாலை அக்கா வகுப்புக்கு வந்தார். மகளும் கூட வந்தாள். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "பள்ளி" என்பதைப் "பல்லி" என்று படித்துவிட்டார்.

மகள் சிரித்தாள். "மக்கு அம்மா! இதுகூடத் தெரியாதா?" என்றாள்.

அக்கா புத்தகத்தை மூடினார். கண் கலங்கியது. எழுந்து போய்விட்டார்.

இங்கே படிப்பதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். மகள் அந்த வார்த்தையை எங்கே கற்றாள்? பக்கத்தில் இருப்பவரோடு பேசுங்கள்.

இரண்டு நாள் அக்கா வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். "அவ சொன்னது என் வார்த்தைதான் தங்கச்சி. எனக்கே இப்படிச் சுடுதே. அந்தச் சின்னப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்?" என்றார்.

எனக்கும் வெட்கமாக இருந்தது. அவர் தப்பாகப் படித்தபோது நானும் லேசாகச் சிரித்தேன். மகள் அதைப் பார்த்திருப்பாள்.

அதற்கு முன்பே, மகளைத் திட்டிய மறுநாள் காலையே அக்கா ஒன்று செய்திருக்கிறார். மகளை மறுபடி கூப்பிட்டிருக்கிறார். "ஒரு வரிசைக்குப் பத்து வை. அஞ்சு வரிசை வை" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். மகள் அடுக்கினாள். சரியாக 50 வந்தது.

"பத்துப் பத்தா வச்சே. அதான் தப்பு வரலை" என்றார் அக்கா.

வெறுமனே "கெட்டிக்காரி" என்று அவர் சொல்லவில்லை. எதைச் செய்ததால் சரியாக வந்தது என்று சொன்னார். மறுநாளும் அதையே செய்யலாம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அக்கா சொன்னார்: "நேத்து எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். அது தப்பு."

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் சிரிச்சப்ப நீ அழுதியாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாம். அழுதேன்" என்றார் அக்கா. மறைக்கவில்லை.

பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்கு வலிக்கிறது என்று நாம் சொன்னால்தானே பிள்ளைக்குத் தெரியும்?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளியில் பிள்ளையை அடிக்கக் கூடாது. மனம் நோகும்படி துன்புறுத்தவும் கூடாது. அந்தச் சட்டம் பள்ளிக்குத்தான். வீட்டில் நம் வாயை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்பாவும் மாறியிருக்கிறார். முன்பு சைக்கிளை நிறுத்தியதும் "எத்தனை மார்க்?" என்பார். இப்போது "இன்னிக்கு யாரோட விளையாடினே?" என்கிறார். புதிதாக வந்த ஒரு பெண் தனியாகவே உட்கார்ந்திருந்தாளாம். "அவளுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று அப்பா கேட்டார். மகள் பதில் சொல்லவில்லை. அப்பாவும் வற்புறுத்தவில்லை.

இப்போது வகுப்பில் மகள் அம்மா பக்கத்தில் உட்காருகிறாள். அம்மா தடுமாறினால், "நாக்கை மடிச்சுச் சொல்லும்மா" என்கிறாள்.

நீங்களும் சொல்லிப் பாருங்கள்:

பல்லி – பள்ளி
கலை – களை
வாலை – வாளை